அண்ணன் தள்ளியது 160, தூக்கியது 60

செல்லங்களே, பெங்களூர் சிவாஜிநகரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சுட்டிப் பையன் என்னிடம் இப்படிக் கேட்டான்.

“மாமா, எங்க அண்ணன் ஜிம்முக்குப் போறான். லெக் பிரஸ் மிஷின்ல 160 கிலோ தள்றான். ஆனா தோள்ல ராடு வச்சு ஸ்குவாட் பண்ணும்போது 60 கிலோதான் தூக்கறான். ரெண்டுக்கும் அதே கால்தானே? அப்புறம் ஏன் மாமா இவ்ளோ வித்தியாசம்?”

பலே! 160 கிலோ என்றதும் கைதட்டிவிட்டுப் போகாமல், பக்கத்தில் இருந்த 60-ஐயும் கவனித்திருக்கிறான் பாருங்கள். அந்தக் கண் உங்களுக்கும் இருக்கிறது, எனக்குத் தெரியும். வாருங்கள், சேர்ந்தே கண்டுபிடிப்போம்.

முதலில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஸ்குவாட் உங்களுக்குப் புதிதல்ல. பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தில் காதைப் பிடிக்கும் கையை விட்டுவிட்டால், மிச்சம் இருப்பது ஸ்குவாட்தான். உட்கார்ந்து எழுவது. ஜிம்மில் தோளின் மேல் ஒரு இரும்பு ராடை வைத்து, அதன் இரு முனையிலும் வட்டத் தட்டுகளை மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

லெக் பிரஸ் வேறு மாதிரி. அண்ணன் ஒரு சாய்வு இருக்கையில் முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொள்கிறான். பாதங்கள் மேலே ஒரு பெரிய இரும்புப் பலகையில் பதிகின்றன. பலகையின் இரு பக்கமும் எடைத் தட்டுகள். காலை நீட்டினால், சாய்வான இரண்டு தண்டவாளங்களின் மேல் பலகை வழுக்கிக்கொண்டு ஏறும். மடக்கினால் இறங்கும்.

படம் மனசில் வந்துவிட்டதா? சரி, இப்போது ஒரு கேள்வி. ஸ்குவாட் செய்யும்போது எது எது மேலே ஏறுகிறது?

“ராடு, தட்டு” என்றீர்களா? பாதி மதிப்பெண்தான். இன்னும் யோசியுங்கள்.

ஆமாம், அண்ணனும் ஏறுகிறான்! தலை, கை, நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் சேர்ந்து ஏறுகின்றன. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் தரையோடு நின்றுவிடுகிறது. இரண்டு முழங்காலுக்கும் கீழே உள்ளது மொத்த உடல் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம். மீதி 88 சதவீதத்தைக் கால்கள் தூக்கியாக வேண்டும்.

அண்ணனின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 88 சதவீதம் கிட்டத்தட்ட 53 கிலோ. தோளில் ராடும் தட்டுமாக 60 கிலோ. இரண்டையும் கூட்டுங்கள்.

113 கிலோ.

பார்த்தீர்களா? அண்ணன் 60 என்று சொன்னது பாவம், தன்னையே கணக்கில் விட்டுவிட்டுச் சொன்னது!

லெக் பிரஸ்ஸில் என்ன நடக்கிறது? அங்கே அண்ணன் இருக்கையில் ஜம்மென்று கிடக்கிறான். அவன் உடம்பை இருக்கை தாங்குகிறது. பலகையும் தட்டும் மட்டும் நகர்கின்றன. இரண்டும் சேர்ந்து 160 கிலோ.

இங்கே ஒரு சின்ன ரகசியம் இருக்கிறது. பலகை நேராக மேலே ஏறவில்லை, சாய்வாக ஏறுகிறது. பூங்காவில் சறுக்கு மரம் இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். செங்குத்தாக இருந்தால் சர்ரென்று விழுவீர்கள். படுத்த மாதிரி இருந்தால் மெதுவாக நகர்வீர்கள். ஏனென்றால் உங்கள் எடையில் ஒரு பங்கைப் பலகையே தாங்கிக்கொள்கிறது. மிச்சப் பங்குதான் உங்களைக் கீழே இழுக்கிறது. சாய்வு குறையக் குறைய அந்த மிச்சமும் குறையும்.

லெக் பிரஸ்ஸின் தண்டவாளமும் அப்படித்தான். 30 டிகிரி சாய்வு என்றால் எடையில் சரிபாதி மட்டுமே காலுக்கு வரும். நிறைய ஜிம்களில் உள்ள மிஷின் 45 டிகிரி சாய்வு. அதில் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 71 கிலோ காலுக்கு வரும். பெரிய வகுப்புக்குப் போனதும் ‘சைன்’ என்று ஒன்று படிப்பீர்கள். அப்போது இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

பென்சிலை எடுங்கள். 160-ஐ 0.71-ஆல் பெருக்குங்கள்.

113 கிலோவுக்குச் சற்று மேல்!

அண்ணனின் கால்கள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே பாரத்தைத்தான் தள்ளியிருக்கின்றன. எண்கள்தான் வேறு வேறு வேஷம் போட்டு வந்திருக்கின்றன. ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். தண்டவாளத்தின் உராய்வு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதெல்லாம் உண்டு. கம்பி வடமும் கப்பியும் வைத்த லெக் பிரஸ்ஸுக்கு முற்றிலும் வேறு கணக்கு. ஆனாலும் எடைத் தட்டில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் வைத்து யாருடைய பலத்தையும் அளக்கக் கூடாது என்பது இப்போது உங்களுக்கே தெரிகிறது, இல்லையா?

பாரம் ஒன்று என்றால் பயிற்சியும் ஒன்றுதானா? அவசரப்படாதீர்கள். அதற்கு ஒரு நாற்காலி வேண்டும்.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கட்டும். பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே வையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். இப்போது முன்னால் குனியாமல் எழுந்திருங்கள் பார்க்கலாம்.

என்ன, ஆணி அடித்தது போல ஒட்டிக்கொண்டதா?

காலில் பலம் இல்லாமல் இல்லை. உடம்பின் எடை எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அது உங்கள் பிட்டத்துக்கு மேலே இருக்கும், பாதத்துக்கு மேலே இருக்காது. நெஞ்சை முன்னால் கொண்டுவந்து அந்த மையத்தைப் பாதத்துக்கு நேர் மேலே நிறுத்தினால்தான் எழ முடியும். ஸ்குவாட்டில் கீழே போகும்போதும் மேலே வரும்போதும் ஒவ்வொரு நொடியும் உடம்பு இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. முதுகுத் தசை, வயிற்றுத் தசை, கணுக்கால் தசை எல்லாம் விழித்திருக்க வேண்டும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமா? காலையில் அப்பாவோடு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போங்கள். 1927-இல் கட்டிய அந்தப் பழைய சந்தையில் கூடை சுமக்கும் தொழிலாளி ஒருவரைக் கவனியுங்கள். தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு அவர் குந்துவார். இரண்டு பேர் கூடையைத் தூக்கி அவர் தலையில் வைப்பார்கள். உடனே எழமாட்டார். கழுத்தை நேராக்கிக்கொள்வார். பாதத்தைச் சற்று அகட்டுவார். இடுப்பை ஒரு தடவை சரிசெய்துகொள்வார். கூடையின் பாரம் இரண்டு பாதங்களுக்கும் நடுவே நேராக இறங்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் சரேலென்று எழுவார். எந்தப் புத்தகமும் படிக்காமல் ஈர்ப்பு மையத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். மரியாதையோடு பாருங்கள், வழியை மறிக்காதீர்கள்.

லெக் பிரஸ்ஸில் இந்த வேலை எதுவும் கிடையாது. முதுகை இருக்கை பிடித்துக்கொள்கிறது, பலகையைத் தண்டவாளம் பிடித்துக்கொள்கிறது. கால் தள்ளினால் போதும். அதனால் தொடையின் முன்பக்கம் உள்ள நான்கு தசைகளுக்கு நல்ல வேலை கிடைக்கும். பிட்டத் தசைக்கும் கிடைக்கும். அதுதான் நம் உடம்பிலேயே பெரிய தசை. ஆனால் முதுகும் வயிறும் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஸ்மித் மிஷின் என்று ஒன்று உண்டு. ஸ்குவாட்டேதான். ஆனால் ராடு இரண்டு செங்குத்துத் தண்டுகளில் மாட்டியிருக்கும். மேலும் கீழும் போகும், முன்னும் பின்னும் சாயாது. இதில் உங்கள் உடம்பின் எடை உங்கள் காலுக்கே வரும், சமநிலையில் பாதியை மிஷின் பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் கால் பலத்துக்கு எது நல்லது?

ஜெர்மனியில் சில ஆராய்ச்சியாளர்கள் எட்டு வாரம் ஒரு குழுவை ஸ்குவாட் செய்ய வைத்தார்கள், இன்னொரு குழுவை லெக் பிரஸ் செய்ய வைத்தார்கள். 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் பலம் கூடியிருந்தது. ஆனால் நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கச் சொன்னபோது ஸ்குவாட் குழுதான் நன்றாக முன்னேறியிருந்தது. ஏன் தெரியுமா? பலம் என்பது தசையின் பருமன் மட்டும் இல்லை. எந்தத் தசை, எப்போது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வதும் பலம்தான். குதிப்பதும் ஸ்குவாட்டும் ஒரே ஜாடை. இரண்டிலும் உடம்பு நின்றபடி மேலே போகிறது. படுத்துத் தள்ளிப் பழகிய நரம்புக்கு அந்தப் பாடம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால் ஸ்குவாட்டுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் லெக் பிரஸ்ஸைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. முதுகு வலிக்காரருக்கு, தோளில் ராடு வைக்க முடியாதவருக்கு, கீழே விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் தாத்தாவுக்கு, மருத்துவர் சரி என்று சொன்னால், காலுக்கு வேலை கொடுக்க அது அருமையான வழி. மிகக் குறைந்த எடையில் தொடங்கலாம். களைத்துவிட்டால் கொக்கியை மாட்டிப் பலகையை நிறுத்திவிடலாம். ஒன்று மட்டும் அண்ணனிடம் சொல்லி வையுங்கள்: காலை நீட்டும்போது முழங்காலை ‘டக்’கென்று பூட்டக் கூடாது. மொத்தப் பாரமும் மூட்டில் இறங்கிவிடும்.

ஸ்குவாட்டின் உச்சத்தைப் பார்க்க வேலூர் சத்துவாச்சாரிக்குப் போக வேண்டும். அந்த ஊர்க்காரர் சதீஷ் சிவலிங்கம். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் பளுதூக்கித் தங்கம் வென்றார். ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் முறையில் 149 கிலோ. முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் கொண்டுபோகும் முறையில் 179 கிலோ. இந்த இரண்டாவது முறையில் பளுவைத் தோளில் வாங்கும்போது வீரர் தரையோடு தரையாகக் குந்தியிருப்பார். அங்கிருந்து எழ வேண்டும்.

கணக்குப் போடுவோமா? 77 கிலோ உடம்பில் 88 சதவீதம் சுமார் 68. அதோடு 179. மொத்தம் 247 கிலோ! 45 டிகிரி லெக் பிரஸ்ஸில் அதே பாரம் காலுக்கு வர வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 350 கிலோ ஏற்ற வேண்டும். 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியிலும் அவர் மறுபடி தங்கம் வாங்கினார்.

“நாங்களும் செய்யலாமா மாமா?” என்று கேட்பது காதில் விழுகிறது. கட்டாயம் செய்யுங்கள். ஆனால் மிஷின் வேண்டாம். ஜிம் மிஷின்கள் பெரியவர்களின் கால் நீளத்துக்கு அளவெடுத்தவை. உங்களுக்குத் தோப்புக்கரணம் போதும். மல்யுத்தம் பழகும் அந்தக் காலக் கரடி மனைகளில் மல்லர்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்துத்தான் தூண் மாதிரி தொடை வளர்த்தார்கள். பஸ்கி என்பதும் குந்தி எழுவதுதான். குதிகால் தரையில் பதிந்திருக்கட்டும். முழங்கால் பாதம் போகும் திசையிலேயே போகட்டும். எங்காவது வலித்தால் உடனே நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் வயதில் தசை பெரிதாக வீங்காது. நரம்புதான் பாடம் கற்கும். உலகச் சுகாதார நிறுவனமும் உங்கள் வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது அதில் தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் வேலை இருக்க வேண்டும் என்கிறது.

இனி கொஞ்சம் உயரே போவோம். 2025 ஜூனில் நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார், நினைவிருக்கிறதா? எடையில்லாத நிலையில் தசை ஏன் மெலிகிறது, அதை எப்படித் தடுப்பது என்று ஒரு சோதனையையும் அங்கே செய்தார். அந்தச் சோதனையை வடிவமைத்தது உங்கள் பெங்களூரில் இருக்கும் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனம்.

அந்த நிலையத்தில் தோப்புக்கரணம் போட்டால் காலுக்கு வேலையே இருக்காது. உடம்பின் பாரம்தான் இல்லையே! இரும்புத் தட்டுக்கும் அங்கே பாரம் கிடையாது. அதனால் உள்ளே காற்றில்லாத இரண்டு உருளைகளை இழுத்துப் பயிற்சி செய்யும் மிஷின் ஒன்றை வைத்திருக்கிறார்கள். உருளையின் தண்டை வெளியே இழுக்க இழுக்க, சுற்றியிருக்கும் காற்று அதை உள்ளே அழுத்தும். அந்த அழுத்தம்தான் அங்கே பாரம். ராடைத் தோளில் வைத்து விண்வெளி வீரர்கள் அதில் ஸ்குவாட் செய்கிறார்கள். 272 கிலோ வரை ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் முறை. எடை மிஷினில் ஏறி உங்கள் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே வீட்டில் வெறுமனே போடும் தோப்புக்கரணத்துக்கு ஈடான பாரம் விண்வெளியிலும் உங்கள் காலுக்கு வர வேண்டுமென்றால், அந்த மிஷினில் எத்தனை கிலோ வைக்க வேண்டும்? வழி உங்களிடமே இருக்கிறது. விடையை எழுதி அனுப்புங்கள்.