வாசிக்கப்படாத ஆறு

வலியசாலையில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிய அறிஞர்கள் பலர். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கு?

திருவனந்தபுரம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது வலியசாலை. தமிழ் அக்ரகாரம், காந்தளூர் மகாதேவர் கோயில், அருகே கிள்ளியாறு. 10-ம் நூற்றாண்டின் இறுதியில் ராஜராஜ சோழன் 'கலம் அறுத்ததாக'க் கல்வெட்டுகள் சொல்லும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு.

அவன் அறுத்தது எதை? கலம் என்றால் கப்பல் என்பது ஒரு கட்சி. அப்படியானால் இங்கே அழிந்தது கடற்படை. உண்கலம் என்பது இன்னொரு கட்சி. அப்படியானால் நின்றுபோனது சாலையில் போட்ட சோறு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலை பற்றித் தனி நூலே எழுதினார். 9-ம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு நிறுவிய சாலைக்குக் காந்தளூரே முன்மாதிரி என்கிறது செப்பேடு. இது இரண்டாவது கட்சிக்கு பலம். கப்பல் கட்சிக்கோ ஊரின் நிலமே சங்கடம்: கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆக, கல்லைப் படிக்க மண்ணையும் படித்தாக வேண்டும்.

யாரும் வெறும் மனதோடு வாசிப்பதில்லை, முன்முடிவுகளோடுதான் வருகிறோம் என்றார் ஜெர்மன் தத்துவ அறிஞர் கடாமர். அவருடைய 'உண்மையும் முறையும்' 1960-ல் வெளியானது. எழுத்து தன்னைத் திருத்த இடம் கொடுப்பவனே நல்ல வாசகன். இந்தப் பொருள்கோள் தத்துவத்தை ஆறு, காடு, மலைகளுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள் சுற்றுச்சூழல் தத்துவவாதிகள்.

கிள்ளியாற்றுக்கும் இரண்டு வாசிப்புகள் உண்டு. ஆற்றுகால் பகவதி சிறுமியாக வந்து, அக்கரை சேர்க்கும்படி ஒரு பெரியவரிடம் கேட்டது இந்த ஆற்றங்கரையில்தான் என்கிறது தலபுராணம். துணையின்றிக் கடக்க முடியாத ஆறு அது. நகரம் படித்ததோ வேறு: கழிவைத் தள்ள வசதியான வாய்க்கால். 2018-ல் கிள்ளியாற்றைச் சுத்தம் செய்ய மக்கள் திரண்டனர். ஆனால் குப்பையை அள்ளினால் போதாது; வாய்க்கால் என்ற வாசிப்பும் மாற வேண்டும்.

மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே நகரின் ஆமையிழஞ்சான் தோடு சாட்சி. ஆமை ஊர்ந்த ஓடை என்று பெயரிலேயே பொருள் தெரிகிறது. 2024 ஜூலையில், ரயில் நிலையத்துக்கு அடியில் அந்த ஓடையை அடைத்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி நீரில் அடித்துச் செல்லப்பட்டார். உடல் கிடைத்தது இரண்டு நாள் கழித்து. கல்வெட்டைத் தப்பாகப் படித்தால் இன்னொரு கட்டுரை எழுதித் திருத்தலாம். நீரைத் தப்பாகப் படித்தால் உயிர் போகிறது.

பாட்டுக்குப் பொருள் காணும் எட்டு வழிகளை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. முதலாவதன் பெயர் ஆற்றுநீர்ப் பொருள்கோள்: தொடக்கம் முதல் முடிவுவரை தடையின்றி ஓடும் பொருள். அந்தப் பெயர் பொருத்தமாக இருக்க, ஆறும் ஓட வேண்டும்.