கண்ணகி நகர்: ஓவியங்கள் மாற்றாதவை

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட உழைக்கும் மக்களை 2000ஆம் ஆண்டு முதல் அரசு குடியேற்றிய இடம் துரைப்பாக்கம் கண்ணகி நகர். அவர்களுள் பெரும்பான்மையோர் தலித்துகள். தொடக்கத்தில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றின் பரப்பு 195 சதுர அடியே. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியின் துணையோடு அங்கே மாபெரும் சுவரோவியங்களைத் தீட்டி, அதனைக் 'கலை வட்டாரம்' என அறிவித்தன.

முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட மக்களுக்கு அவ்வோவியங்கள் ஓரளவு பெருமிதம் அளித்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த இழிவு, ஏழைகளை வாழ்வாதாரத்திலிருந்து பிரித்து நகரின் விளிம்பில் குவித்த கொள்கையால் விளைந்தது. 2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் மாறியது. 2022இல் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன.

வளர்ந்துவரும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாளை இத்தகைய திட்டங்கள் வரக்கூடும். அப்போது நாம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: பட்டா எவர் பெயரில்? முடிவெடுக்கும் இடத்தில் குடியிருப்போர் உளரா?