நிலைத்த வடிவமும் பழகிய விரல்களும்

ஒரு தொழிலின் தொடக்கத்தில் பல வடிவங்கள் மோதும். பிறகு ஒன்று நிலைத்துவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் அபர்நத்தியும் அட்டர்பேக்கும் 1970களில் இதை 'மேலாதிக்க வடிவம்' என்றனர். வென்றது சிறந்ததாகத்தான் இருக்கணும் என்பதில்லை. எல்லோரும் அதற்குத் தங்களைப் பழக்கிக்கொண்டதே அதன் பலம். நிர்வாகவியல் இத்தோடு நின்றுவிடும். நாம் கேட்க வேண்டியது: இந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது?

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். 1990களில் எழுத்துரு நிறுவனங்கள் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தன. ஒன்றில் அடித்த கட்டுரையை வேறொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையடுத்து, தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் ஏற்றது. ஆனால் நிலைத்தது யூனிகோடு. 1991இன் முதல் பதிப்பிலேயே, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான இஸ்கி திட்டத்தையொட்டித் தமிழுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அதில் 'கு' தனி எழுத்தல்ல. ககரமும் ஓர் உகரக்குறியும். உயிர்மெய்க்குத் தனியிடம் தரும் டேஸ்16ஐத் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. அதற்குள் இயங்குதளங்கள் யூனிகோடுக்குப் போய்விட்டன. அரசாணையால் மட்டும் ஒரு வடிவத்தை நிலைநிறுத்த முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

விளைவு எல்லோருக்கும் ஒன்றல்ல. மைக்ரோசாப்ட் விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துருவைக் கணினியோடேயே கொடுத்தது. குறியாக்கத்தைப் பூட்டாக வைத்து வாடிக்கையாளரைப் பிடித்திருந்த சிறு விற்பனையாளருக்குப் பூட்டு உடைந்தது. எழுத்தின் அழகை வைத்துத்தான் இனிப் பிழைப்பு. வாசகருக்கு லாபம்: எந்தக் கணினியிலும் தமிழ் திறந்தது, தேடினால் கிடைத்தது.

டிடிபி தொழிலாளிக்கு? தமிழ்99 பழகலாமே என்று கேட்டதற்கு, எங்கள் கீழ்க்கட்டளையில் கடை வைத்திருக்கும் பெண் சொன்னார்: "தமிழ் ஹையர் பாஸ் பண்ணின கை சார் இது. புதுசா பழகுற மாசத்துக்குக் கடை வாடகையை யார் குடுப்பா?" எந்த மாநாட்டு அறிக்கையையும்விடக் கூர்மையான கேள்வி. பழைய தட்டச்சு முறைக்கும் பிற்பாடு மென்பொருள்கள் இடமளித்ததால் அவர் விரல்கள் தப்பின. அவரைப் போன்றவர்களைக் கேட்டு யாரும் தரத்தை நிர்ணயிக்கவில்லை.

இன்னொரு தரப்பு நாம். பேஜ்மேக்கர் 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோனது. தமிழ் யூனிகோடு அதற்குத் தெரியாது. அதில் கோத்த சிறுபத்திரிகைகளின் கோப்புகள் இன்றைய தேடலுக்கு அகப்படாது. தேடலில் வராததை அடுத்த தலைமுறை இல்லாததாகவே எண்ணும். விவாதங்களின் ஒரு காலகட்டமே இப்படி மறைய வாய்ப்புண்டு.

மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் எந்த இதழ் எந்த எழுத்துருவில் கோக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அவை உதவும். அது பெரும்பாலும் அன்று அடித்துக்கொடுத்தவருக்குத்தான் தெரியும். பழைய கோப்புகள் வைத்திருக்கும் நண்பர்கள் முதலில் அவரைத் தேடிப்போகட்டும், உரிய கூலியோடு.