அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதாது... இம்ப்ளான்ட் சைஸை எப்படி முடிவு செய்ய வேண்டும்?

டெய்லரிடம் நம்மில் பலர் அளவெடுக்கவே நிற்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று நீட்டிவிட்டு வந்துவிடுவோம். மார்பக இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள நினைப்பவர்களில் பலரும் டாக்டரிடம் இதே மனநிலையில்தான் போகிறார்கள். போனில் ஒரு நடிகையின் போட்டோ, இல்லையென்றால் 'எனக்கு 36 சி வேணும்' என்று ஒரு வரி. பிரச்னை என்னவென்றால், அந்த அளவு ஜாக்கெட் அவர்களுடையது அல்ல, இன்னொருவருடையது.

'இதெல்லாம் சினிமாக்காரங்க சமாச்சாரம்' என்று ஸ்க்ரோல் செய்து போய்விடாதீர்கள். புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்தவர்கள், பிறவியிலேயே ஒரு பக்கம் வளராமல் போனவர்கள், திருநங்கைகள், தாய்ப்பால் கொடுத்த பிறகு மார்பகம் சுருங்கிவிட்டதாக வருந்துபவர்கள், 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்பதை மட்டுமே காரணமாகச் சொல்பவர்கள் என்று இந்த வரிசை நீளம். 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைகளை இலவசமாகச் செய்ய ஏற்பாடு வந்தபோது, 'மக்கள் வரிப்பணத்தில் இது தேவையா' என்று ஒரு விவாதமே நடந்தது. தேவை யாருக்கு என்று அப்போது கேட்டவர்கள் குறைவு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கப் சைஸ் கணக்கு இங்கே செல்லாது

இம்ப்ளான்ட்டுக்கு ஏ, பி, சி என்ற கப் அளவு கிடையாது. அதை அளப்பது சி.சி கணக்கில், அதாவது மில்லி லிட்டரில். பிரா சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கடையில் 34 பி போடுபவருக்கு அடுத்த கடையில் 36 ஏ பொருந்தும். அதனால் 'சி கப் வரும்' என்று எந்த டாக்டராலும் உத்தரவாதம் தர முடியாது. தந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சிலிக்கான் ஜெல்லின் எடை ஏறக்குறைய தண்ணீரின் எடைதான். 300 சி.சி என்றால் ஒரு பக்கம் சுமார் 300 கிராம், இரண்டு பக்கமும் சேர்த்து அரை கிலோவுக்கும் மேல். ராத்திரி கழற்றி வைக்க முடியாத எடை இது.

அடுத்து, 'என் ஃப்ரெண்ட் 325 வெச்சா, சூப்பரா இருக்கு, எனக்கும் அதே' என்ற கணக்கு. ஒரே கரண்டி மாவைத் தோசைக்கல்லில் ஊற்றினால் அகலமாகப் பரவும், இட்லித் தட்டில் ஊற்றினால் குட்டியாக எழும்பி நிற்கும். மாவு அதேதான். இம்ப்ளான்ட்டும் அப்படித்தான். ஒரே 300 சி.சி-யில் அகலமாகத் தட்டையாக இருப்பதும் உண்டு, குறுகலாக முன்னே தள்ளி நிற்பதும் உண்டு. இதை 'புரொஃபைல்' என்பார்கள். அகன்ற மார்புக்கூடு உள்ளவருக்கு 350 சி.சி வெளியே தெரியாத அளவுக்கு அடங்கிப் போகும். ஒல்லியான, குறுகிய உடல்வாகு உள்ளவருக்கு 250-யே எடுப்பாகத் தெரியும்.

டேப்பை எடுக்காத டாக்டர் வேண்டாம்

அளவை முடிவு செய்வதில் முதல் வேலை, மார்பகத்தின் அடிப்பகுதி எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்று அளப்பது. இம்ப்ளான்ட்டின் அகலம் அதைத் தாண்டக் கூடாது என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். 12 சென்டிமீட்டர் அகலம் உள்ள இடத்தில் 14 சென்டிமீட்டர் இம்ப்ளான்ட்டைத் திணித்தால், அது அக்குள் பக்கம் பிதுங்கும் அல்லது நடுவில் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். மேல் பகுதியில் கிள்ளும்போது 2 சென்டிமீட்டருக்குக் குறைவான சதைதான் கைக்கு வருகிறது என்றால், இம்ப்ளான்ட்டைப் பெரும்பாலும் மார்புத் தசைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் அதன் விளிம்பும் மடிப்பும் வெளியே தெரியும். தோல் எவ்வளவு இழுபடுகிறது, காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரை எவ்வளவு தூரம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பது யாருக்குமே இல்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் உங்கள் உடலுக்குப் பொருந்தும் வரம்பு கிடைக்கும். உதாரணமாக, 240 முதல் 290 வரை என்று. உங்கள் ஆசைக்கு இடம் அந்த வரம்புக்குள்தான். அளக்காமலேயே, எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு '350 போட்டுடலாம்' என்பவரிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம்.

தளர்ந்து தொங்கும் மார்பகத்தைப் பெரிய இம்ப்ளான்ட் வைத்து 'நிமிர்த்திவிடலாம்' என்பது பரவலான தவறான நம்பிக்கை. இம்ப்ளான்ட் நிரப்பும், தூக்கி நிறுத்தாது. தூக்குவதற்குத் தனி அறுவை சிகிச்சை உண்டு. ஏற்கெனவே தளர்ந்த தோலில் கூடுதல் எடையை மாட்டினால் சில வருடங்களில் இன்னும் இறங்கும்.

உடல் தாங்காத சைஸை வைத்தால் வரும் தொல்லைகள் ஒன்றிரண்டு அல்ல. தோலும் சதையும் மெலிவது, தழும்புக் கோடுகள், இம்ப்ளான்ட் கீழே இறங்குவது, கழுத்து, முதுகு வலி என்று போகும். மெலிந்துபோன சதை, பிறகு இம்ப்ளான்ட்டை எடுத்தாலும் பழையபடி திரும்புவதில்லை. மறுபடி அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று, 'சைஸை மாத்தணும்'.

வீட்டிலேயே ஓர் அரிசி டெஸ்ட்

வெளிநாடுகளில் பல வருடமாக இருக்கும் எளிய வழி இது. மெல்லிய பிளாஸ்டிக் கவரிலோ ஸ்டாக்கிங்ஸிலோ அளந்த அரிசியைப் போட்டுக் கட்டி, பேட் இல்லாத மிருதுவான பிராவுக்குள் வைத்துக்கொள்வது. 250 மில்லி, 300 மில்லி என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

கண்ணாடி முன் 2 நிமிடம் நின்றுவிட்டு எடுத்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று நாள் வீட்டில் அதோடு இருங்கள். வீடு பெருக்குங்கள், மாடிப்படி ஏறுங்கள், குழந்தையைத் தூக்குங்கள், வழக்கமாகப் போடும் சுடிதாரைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் பிடித்த சைஸ், குனிந்து கோலம் போடும்போது பிடிக்காமல் போகலாம்.

ஆனால், இதை அப்படியே நம்பியும் விடக் கூடாது. அரிசி சிலிக்கானைவிட லேசானது. உண்மையான எடை இன்னும் கூடுதலாக இருக்கும். தோலுக்கு மேலே வைப்பதால் சைஸ் கொஞ்சம் பெரிதாகவும் தெரியும். தசைக்கு அடியில் போகும்போது அதே அளவு அடங்கித்தான் தெரியும். கிளினிக்கில் 'சைஸர்' என்ற மாதிரிகள் இருக்கும், சில இடங்களில் 3டி படமும் எடுத்துக் காட்டுவார்கள். எல்லாமே ஒரு கணிப்புக்குத்தான்.

கூட வரும் கணவரோ காதலரோ நம்பரைச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. கருத்து கேட்பதில் தப்பில்லை. ஆனால் முதுகு உங்களுடையது. டாக்டரிடம் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேசிவிடுங்கள்.

புற்றுநோய்க்குப் பிறகு...

மார்பகம் அகற்றப்பட்டவர்களுக்கு அளவு பற்றிய கேள்வியே வேறு. இங்கே குறிக்கோள் பெரிதாக்குவது அல்ல, இருக்கும் மற்றொரு மார்பகத்தோடு ஈடுகட்டுவது. பலருக்கு முதலில் 'டிஷ்யூ எக்ஸ்பாண்டர்' என்ற காலிப் பை போன்ற ஒன்றைத் தோலுக்கோ தசைக்கோ அடியில் வைப்பார்கள். பிறகு சில வார இடைவெளிகளில் ஊசி மூலம் உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தோலை விரிவடைய வைப்பார்கள். இதில் ஒரு நல்லது உண்டு. அளவு கண்ணெதிரே கூடுவதால், 'போதும் டாக்டர்' என்று சொல்லும் இடம் நோயாளியின் கையில் இருக்கிறது. நிரந்தர இம்ப்ளான்ட் அதன் பிறகுதான்.

கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றித் திசு இறுகிக் கல் போல ஆகும் ஆபத்து கூடுதல். அவர்களுக்கு வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து மார்பகம் அமைப்பது பொருத்தமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் கேன்சர் என்று தெரிந்த அதே வாரத்தில் முடிவு செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. வருடங்கள் கழித்தும் செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம். பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகமே போதும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய பேர்.

செலவு விஷயத்தில் ஒரு தகவல்: அழகுக்காகச் செய்யும் சிகிச்சையை ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஏற்காது. ஆனால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ வகுத்த விதியிலேயே புற்றுநோய், விபத்து, தீக்காயத்துக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு விலக்கு இருக்கிறது. 'காஸ்மெட்டிக்' என்று சொல்லி க்ளெய்மைத் திருப்பினால் இதைக் காட்டிக் கேளுங்கள்.

சைஸுக்கு முன் கேட்க வேண்டியவை

எம்.சி.ஹெச் அல்லது அதற்கு இணையான டி.என்.பி பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். சீக்கிரம் குழந்தை பெறும் திட்டம் இருந்தால் தள்ளிப்போடுவது நல்லது. கர்ப்பமும் தாய்ப்பாலும் இன்று எடுத்த எல்லா அளவையும் மாற்றிவிடும். உடல் எடையை நிறையக் குறைக்கும் முயற்சியில் இருப்பவர்களுக்கும் இதேதான்.

இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்றும் கேளுங்கள். சொரசொரப்பான வகையோடு தொடர்புள்ள ஓர் அரிதான நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக, 2019-ல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்ப்ளான்ட்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது.

எந்த இம்ப்ளான்ட்டும் ஆயுள் முழுக்க வராது. சிலிக்கான் வைத்தவர்கள், தொந்தரவு இல்லாவிட்டாலும், 5-6 வருடத்தில் முதல் ஸ்கேனும் பிறகு 2-3 வருடத்துக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. உள்ளே சத்தமில்லாமல் கிழிந்திருந்தால் வெளியே தெரியாது. மேமோகிராம் எடுக்கப் போனால், இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். படம் எடுக்கும் முறையே மாறும்.

ஆபரேஷன் முடிந்ததும் தெரிவது இறுதி சைஸ் அல்ல. வீக்கம் வடிந்து, மேலே ஏறி நிற்கும் இம்ப்ளான்ட் இறங்கி அமர சில மாதங்கள் ஆகும். புது பிளவுஸ் தைக்க அதுவரை பொறுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது இம்ப்ளான்ட்டின் பிராண்ட், சி.சி, சீரியல் நம்பர் உள்ள அட்டையை மறக்காமல் வாங்கி, அதை போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.