சவர்க்காரப் போத்தலைக் கழுவியது எப்போது?

தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்துப் பத்து நாள் இருக்கும். பிள்ளை பார்க்க வருபவர்களால் வீடு நிறைந்திருந்தது. உம்மா ஒரேயொரு சட்டம் போட்டிருந்தார். கை கழுவாமல் யாரும் பிள்ளையைத் தூக்கக் கூடாது. மாமிமாரும் சாச்சிமாரும் முகம் கோணாமல் பேசினடிக்குப் போய், அங்கிருந்த பம்ப் போத்தலை இரண்டு தரம் அமுக்கி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் பிள்ளையிடம் வந்தார்கள்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு அந்தப் பம்ப் அமுக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இறங்கியிருந்த குழாயைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் வழுவழுவென்று ஒரு படிவு. முகர்ந்து பார்த்தால் ஊற வைத்து மறந்துபோன துணியின் வாடை.

அந்தப் போத்தல் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அது முழுதாக வெறுமையானதை நான் ஒரு நாளும் கண்டதில்லை. குறையக் குறையப் பெரிய கேனிலிருந்து ஊற்றுவோம். மாதக் கடைசியில் கொஞ்சம் தண்ணீரும் சேரும். அதைக் கழுவ வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வந்ததில்லை. சவர்க்காரம் இருக்கும் பாத்திரத்தை எதற்குக் கழுவுவது?

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடி வாசித்தபோது, நம் வீடுகளில் மட்டுமல்ல, பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் பாடசாலைகளிலும் இதே தவறு நடப்பது விளங்கியது.

சவர்க்காரத்திலும் கிருமி வளருமா?

வளரும். திரவ சவர்க்காரத்தின் பெரும்பகுதி தண்ணீர். அது கெட்டுப்போகாமல் இருக்க, உற்பத்தியாளர்கள் அதற்குள் ஒரு காப்புப் பொருளை அளந்து சேர்க்கிறார்கள். நாம் தண்ணீர் ஊற்றி நீட்டும்போது சவர்க்காரம் மட்டும் ஐதாவதில்லை. அந்தக் காப்புப் பொருளும் ஐதாகிறது. அதன் காவல் தளர்ந்த இடத்தில் ஈரத்தை விரும்பும் பக்டீரியாக்கள் குடியேறுகின்றன.

அவை எப்படி உள்ளே போகின்றன என்பதற்குப் பம்ப் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் போதும். தலையை அமுக்கும்போது உள்ளேயிருக்கும் சிறு அறை சுருங்கி, அதிலிருந்த சவர்க்காரம் மூக்கு வழியே வெளியே வருகிறது. கையை எடுத்ததும் சுருள்கம்பி தலையை மேலே தள்ளுகிறது. அப்போது அறையின் அடியிலுள்ள சின்னஞ்சிறு குண்டு மேலெழுந்து வழிவிட, கீழ்க் குழாய் அடுத்த தரத்துக்கான சவர்க்காரத்தை உறிஞ்சுகிறது. வெளியேறிய சவர்க்காரத்தின் இடத்தை நிரப்ப, போத்தலுக்குள் வெளிக்காற்று போகிறது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் இது நடக்கிறது. இதனுடன் ஈரக் கையிலிருந்து வழியும் தண்ணீரும் கழுத்தின் இடைவெளியால் உள்ளே கசியலாம். மூடியைத் திறந்து புதிதாக ஊற்றும் நேரம் இன்னொரு வாசல்.

உள்ளே போன பக்டீரியாக்கள் போத்தலின் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அதன்மேல் எவ்வளவு புதுச் சவர்க்காரம் ஊற்றினாலும் பழைய படலம் புதியதையும் கெடுத்துவிடும். குளியலறைகளில் காணும் இளஞ்சிவப்புப் படிவுக்குப் பெரும்பாலும் காரணமாவது செராஷியா மார்சசன்ஸ் என்னும் பக்டீரியா.

கழுவியபின் கூடிய கிருமிகள்

அமெரிக்காவில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2011இல் வெளியானது. அங்கே மேலிருந்து ஊற்றி நிரப்பும் வகையிலான 14 சவர்க்காரப் பெட்டிகளும் மாசடைந்திருந்தன. பிள்ளைகளும் ஆசிரியர்களும் அவற்றால் கை கழுவிய பின்னர், ஒரு வகைப் பக்டீரியா அவர்களுடைய கைகளில் கழுவுவதற்கு முன்பிருந்ததைவிட 26 மடங்கு கூடியிருந்தது. மூடிய பையாகவே மாற்றும் பெட்டிகளைப் பொருத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அவற்றில் மாசு இருக்கவில்லை.

இந்த ஆய்வில் சவர்க்காரம் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்களும் பங்கெடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் மட்டும் சொன்ன விடயமல்ல இது. பாதி முடிந்த பாத்திரத்துக்குள் மேலும் சவர்க்காரம் ஊற்ற வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2002இலும், உலக சுகாதார ஸ்தாபனம் 2009இலும் மருத்துவமனைகளுக்கு எழுதி வைத்துவிட்டன.

மருத்துவமனைகள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. மேல்நாடுகளில் குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவுகளில் செராஷியா தொற்றுப் பரவி, அதற்கும் மாசடைந்த சவர்க்காரத்துக்கும் தொடர்பிருந்ததை 1997இலும் 2009இலும் வெளியான மருத்துவ அறிக்கைகள் பதிந்துள்ளன. 1997ஆம் ஆண்டு அறிக்கையில் பேசப்படுவது கிருமிநாசினி சேர்ந்த சவர்க்காரம் என்பதைக் கவனிக்க வேண்டும். போத்தலில் ஒட்டியிருக்கும் ‘கிருமிகளை அழிக்கும்’ என்ற வாசகம் அந்தப் போத்தலைக் காவல் காக்காது.

இதை வாசித்து யாரும் பயந்துவிடத் தேவையில்லை. நல்ல சுகத்தோடு இருப்பவரின் முழுமையான தோல் பலமான மதில். ஆனால் நம் வீடுகளில் எல்லோரும் அப்படியில்லை. தொப்புள்கொடி காயாத பிள்ளை, பிரசவத் தையல் ஆறாத தாய், சீனி வருத்தத்தால் காலில் புண் உள்ள வாப்பா, புற்றுநோய்க்கு மருந்தேற்றும் ராத்தா இவர்களைத் தொடும் கை கழுவும் போத்தல் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

சிக்கனமும் வீண்விரயமும்

‘மிச்சம் இருப்பதைக் கொட்டுவது வீண்விரயமல்லவா?’ என்று சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சவர்க்காரத்தின் விலையும் ஏறியபோது தண்ணீர் கலந்து நாளைக் கடத்திய வீடுகள் எத்தனையோ.

ஆனால் கொட்டச் சொல்லவில்லை. முடியும்வரை பொறுத்திருக்கத்தான் சொல்கிறோம். கடைசிச் சொட்டுவரை பாவியுங்கள். முடிந்தபின் கழுவுங்கள். காய்ந்தபின் ஊற்றுங்கள். இதில் ஒரு சதமும் வீணாவதில்லை. குழாய்க்கு எட்டாமல் அடியில் நிற்கும் சவர்க்காரத்தை, கெட்ட வாடை இல்லையென்றால், அன்றைக்கே மலசலகூடம் தேய்க்க எடுத்துக்கொள்ளலாம். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கையில் எடுக்கும் அளவைக் குறைக்கலாம். இரண்டு தரம் அமுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தரம் போதும்.

தூங்கி எழுந்தவர் கையைக் கழுவுமுன் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விட வேண்டாம் என்றும், இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். சுத்தம் செய்யும் பொருளைப் போலவே, அது இருக்கும் பாத்திரத்தையும் பேண வேண்டும் என்ற படிப்பினை அதில் இருக்கிறது. பம்ப் போத்தலும் ஒரு பாத்திரம்தானே.

கழுவும் முறை

இரண்டு போத்தல்களை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று காயும்போது மற்றது பேசினடியில் இருக்கும்.

1. போத்தல் முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி, மூடியைப் பூட்டி, நுரை வராமல் தெளிந்த தண்ணீர் வரும்வரை அமுக்குங்கள். பம்பின் உள்ளே கழுவ இதுவே வழி. கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

2. மூடியைக் கழற்றி, பிள்ளைகளின் பால்போத்தல் கழுவிய பழைய பிரஷ் ஒன்றால் உட்புறத்தையும் அடிமூலையையும் தேயுங்கள். படலம் தேய்த்தால்தான் போகும். அலசினால் மட்டும் போகாது. கழுத்தின் புரியைப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள்.

3. கீழ்க் குழாயை இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவரும். ஓர் ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு எடுங்கள். அழுக்கு எங்கே ஒளிந்திருந்தது என்பது பஞ்சில் தெரியும்.

4. கடையில் விற்கும் சாதாரண ப்ளீச்சில் இரண்டு தேக்கரண்டியை அரை லீற்றர் தண்ணீரில் கலந்து போத்தலை நிரப்புங்கள். பம்பைப் பூட்டிச் சில தரம் அமுக்கி, பத்து நிமிடம் விடுங்கள். அதற்குமேல் வைத்தால் சுருள்கம்பி துருப்பிடிக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ப்ளீச்சுடன் வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, மலசலகூடம் கழுவும் அசிட் எதையும் கலக்கவே கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

5. ப்ளீச் வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசி, பம்பையும் பல தரம் அமுக்கிக் கழுவுங்கள்.

6. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கவிழ்த்து, முழுதாகக் காயவிடுங்கள். பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஈரம் நின்றால் செய்த வேலை பாதிதான்.

7. இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் ஊற்றி, ஊற்றிய திகதியைப் போத்தலின் அடியில் எழுதி வையுங்கள். கேனை உடனே இறுக மூடிவிடுங்கள்.

இந்த ஏழும் ஒவ்வொரு தடவை நிரப்பும் முன்னும் செய்ய வேண்டியவை. நாளாந்தம் செய்ய வேண்டியது, பம்பின் தலையையும் மூக்கையும் துடைத்து, போத்தலின் அடியில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது மட்டும்.

பம்ப் மக்கர் பண்ணினால்

மூக்கு அடைத்திருந்தால் காய்ந்த சவர்க்காரம்தான் காரணம். தலையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து ஊசியால் குத்திவிடுங்கள். அமுக்கினால் வெறும் காற்று வருகிறதென்றால் கீழ்க் குழாய் கழன்றிருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பல தரம் அமுக்கினால் சரியாகும். நுரையாகத் தரும் பம்புகளின் உள்ளே நுண்ணிய வலை உண்டு; தடித்த சவர்க்காரத்தை ஊற்றினால் அது அடைத்துவிடும். அதற்கென்றே விற்கும் ஐதான சவர்க்காரத்தைத்தான் ஊற்ற வேண்டும்.

கழுவிய பின்னும் வாடையோ படிவோ திரும்ப வந்தால் அந்தப் போத்தலோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாசடைந்த பெட்டிகளைச் சுடுதண்ணீராலும் ப்ளீச்சாலும் கழுவியும் ஓரிரு வாரங்களில் பக்டீரியா பழைய அளவுக்கு வந்துவிட்டதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படலம் வேரூன்றிய போத்தலைத் தூக்கி வீசுவதே சரி. எங்கள் வீட்டுப் போத்தலும் அப்படித்தான் போனது.

கட்டிச் சவர்க்காரம் கூடாதா?

பலர் கைபட்ட கட்டிச் சவர்க்காரம் அசிங்கம் என்று நினைத்துத்தான் நாம் போத்தலுக்கு மாறினோம். ஆனால் வேண்டுமென்றே பக்டீரியா பூசிய சவர்க்காரக் கட்டியால் 16 பேரைக் கை கழுவச் செய்து, கழுவிய கைகளில் அந்தக் கிருமி கண்டறியும் அளவுக்கு ஒட்டவில்லை என்று 1988இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. தண்ணீரில் ஊறிக் கூழாகாமல் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சிரட்டையில் இரண்டு மூன்று துளை போட்டு அதில் வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். போத்தலைப் பராமரிக்க நேரமில்லாத வீட்டுக்குக் காய்ந்த கட்டிச் சவர்க்காரமே மேல்.

பள்ளிவாசல் நிருவாகிகளின் கவனத்துக்கு

2020இல் கொரோனா வந்தபோது பொது இடங்களில் எல்லாம் கை கழுவும் வசதிகள் செய்யப்பட்டன. நம் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் சுவரில் சவர்க்காரப் பெட்டிகள் ஏறின. நல்ல காரியம். ஆனால் அவற்றில் எத்தனை இதுவரை கழுவப்பட்டிருக்கும்? சதகாவாக ஒருவர் நாலு லீற்றர் கேன் கொண்டுவருவார். குறைந்திருக்கும் பெட்டிகளில் யாராவது ஊற்றிவிடுவார்கள். ஊற்றுபவருக்கு நன்மையான எண்ணம்தான். கழுவுவது மட்டும் யாருடைய பொறுப்பும் இல்லை.

பெட்டிகள் குறைவாக இருக்கட்டும்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒருவர் இருக்கட்டும். முடிந்தால் மூடிய பையாக மாற்றும் வகையைப் பொருத்தலாம். வசதி இல்லையென்றால், கொடுக்க விரும்புபவர்களிடம் கேனுக்குப் பதிலாகக் கட்டிச் சவர்க்காரமும், தண்ணீர் வடியும் தட்டும் கேட்கலாம். வலீமா வீட்டில் கையைக் கழுவிவிட்டு ஆறு பேர் ஒரே சஹனில் உட்காரும் சமூகம் நாம். ஒருவர் கையின் சுத்தம் மற்ற ஐந்து பேருக்கும் சொந்தம்.

இப்போது எங்கள் வீட்டுப் பேசினடியில் புதுப் போத்தல் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் திகதி எழுதியிருக்கிறது, எழுதியது உம்மா. பிள்ளை பார்க்க வருபவர்களுக்கு அவர் போட்ட சட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தனக்கென்று இன்னொரு சட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். முடியாமல் ஊற்றுவதில்லை, காயாமல் நிரப்புவதில்லை.

இதை வாசித்து முடித்ததும், எழுந்து போய் உங்கள் வீட்டுப் போத்தலின் மூடியை ஒரு தரம் திருகிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், சுத்தமாகவே இருக்கட்டும்.