முதுமையும் மறதிநோயும்: கன்னியர் ஆய்வு கற்பிப்பவை

முதுமையை நன்முறையில் எய்துவது எவ்வாறு என்னும் வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நடமாட இயலாத முதியோரின் இல்லங்களுக்கு நற்கருணையோடு செல்லும் ஆயர் ஒவ்வொருவரும் இவ்வினாவை நேரில் சந்திக்கிறார். ஒத்த வயதினர் இருவருள் ஒருவர் தெளிந்த மதியோடு நம்மை வரவேற்கிறார். மற்றவரோ தாம் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்திருக்கிறார். இவ்வேறுபாட்டின் காரணம் யாது? இதற்கு விடை தேடிய நீண்டகால ஆய்வுகளுள், ‘கன்னியர் ஆய்வு’ என வழங்கும் அமெரிக்க ஆய்வு இறையியல் கற்போர் அறிந்திருக்கத்தக்கதாகும்.

ஆய்வின் அமைப்பு

நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் ஸ்னோடன், 1986ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்து மன்காட்டோ நகரில் இம்முயற்சியைத் தொடங்கினார். நோட்ரடாம் பள்ளிச் சகோதரிகள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைச் சார்ந்த முதிய கன்னியரே ஆய்வுக்கு உட்பட்டோர். பின்னர் ஆய்வு விரிவடைந்தபோது, 75 முதல் 102 வரை வயதுடைய 678 சகோதரிகள் அதில் பங்குகொண்டனர். ஆண்டுதோறும் தங்கள் நினைவாற்றலும் உடலியக்கமும் சோதிக்கப்படுவதற்கும், இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்கு அளிப்பதற்கும் அவர்கள் இசைந்தனர்.

கன்னியரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. பொதுமக்களை ஆராயும்போது வருவாய், உணவு, புகைபிடித்தல், மணவாழ்வு, மருத்துவ வசதி ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எது எதற்குக் காரணம் எனப் பிரித்தறிவது அரிது. இச்சகோதரிகளோ ஒரே வகையான இல்லங்களில் வாழ்ந்து, ஒரே பந்தியில் உண்டு, பெரும்பாலும் ஆசிரியப் பணியே ஆற்றியவர்கள்.

மற்றொரு பேறும் ஆய்வாளருக்கு வாய்த்தது. 1930இல் அச்சபையின் வட அமெரிக்கத் தலைவி, சகோதரிகள் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை ஒரே தாளில், 300 சொற்களுக்கு மிகாமல் எழுதித் தருமாறு பணித்திருந்தார். ஏறத்தாழ 22 வயதில் எழுதப்பெற்ற இத்தாள்கள் பல மடத்து ஆவணங்களில் காக்கப்பட்டிருந்தன.

இளமையில் எழுதியவை

இத்தாள்களில் பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் அமைந்துள்ளன எனக் கணக்கிட்டனர். 93 சகோதரிகளைப் பற்றிய முடிவுகள் 1996இல் வெளியாயின. இளமையில் கருத்துச் செறிவு குன்ற எழுதியவர்கள், ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின் நடந்த நினைவுச் சோதனைகளிலும் குறைந்த நிலையிலேயே இருந்தனர். அவர்களுள் இறந்த 14 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, செறிவு குறைந்தோர் அனைவரிடமும் அல்சைமர் நோய் காணப்பட்டது. செறிவு மிகுந்தோர் ஒருவரிடமும் காணப்படவில்லை.

2001இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 180 சகோதரிகளின் தாள்களில் மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை முதலிய உணர்வுகள் எவ்வளவு வெளிப்படுகின்றன என நோக்கியது. அவ்வுணர்வுகள் மிகக் குறைவாய் வெளிப்பட்ட கால்பகுதியினருக்கு, மிகுதியாய் வெளிப்பட்ட கால்பகுதியினரைவிட முதுமையில் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 2.5 மடங்காக இருந்தது.

மூளையின் நோயும் மனத்தின் நிலையும்

ஆய்வேடுகளில் சகோதரி மேரி என்று குறிக்கப்படுபவர் தம் 101ஆம் வயதில் மறைந்தார். இறக்கும் முன் நடந்த சோதனைகளில் அவருடைய அறிவாற்றல் உயர்ந்த நிலையில் இருந்தது. ஆயினும் அவரது மூளையிலோ அல்சைமர் நோய்க்குரிய அடையாளங்கள் நிறைந்திருந்தன. நோய் மூளையில் இருப்பது வேறு, அது ஒருவரின் நினைவைக் கவர்ந்துகொள்வது வேறு என்பதை இது காட்டிற்று.

1997இல் வெளியான முடிவுகள் இதனை மேலும் விளக்கின. அல்சைமர் அடையாளங்கள் உடையவர்களுள், மூளையின் உட்பகுதிகளில் குருதியோட்டம் தடைப்பட்டதால் உண்டான சிறு பாதிப்புகளும் சேர்ந்திருந்தவர்களிடமே மறதிநோய் மிகுந்து தோன்றியது. ஆகவே பக்கவாதத்தைத் தடுக்கும் முயற்சிகள் நினைவைக் காப்பதற்கும் துணைபுரியக்கூடும்.

நாம் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

இம்முடிவுகளை அளவறிந்து ஏற்க வேண்டும். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கருத்துச் செறிந்த எழுத்து, பயின்ற மூளையின் சேமிப்பைக் காட்டலாம். செறிவின்மை, நோய் இளமையிலேயே மெல்லத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். மேலும், கல்வி கற்ற, மணவாழ்வு மேற்கொள்ளாத பெண்களைப் பற்றிய முடிவுகளை எல்லா மக்களுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது.

எனினும் திருச்சபைக்கு இன்றியமையாத உண்மையொன்று இங்கே துலங்குகிறது. இச்சகோதரிகள் ஒரே நேரத்தில் செபித்தனர். ஒரே ஒழுங்கில் வாழ்ந்தனர். ஆயினும் சிலர் நினைவோடு மறைந்தனர். சிலர் நினைவிழந்து மறைந்தனர். எனவே மறதிநோயைப் பக்தியின் குறைவாகவோ பாவத்தின் பலனாகவோ கருதுவோர், யோபுவின் நண்பர்கள் செய்த பிழையையே செய்கின்றனர். துயருற்ற குடும்பத்தார் நம்மிடம் இவ்வினாவை எழுப்பும்போது தயக்கமின்றி மறுமொழி கூற நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம்மை அடையாளம் காணாத முதியவரைச் சந்திப்பதால் பயனில்லை என்று எண்ணி, அவர் பெயரைச் சந்திப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதும் நம்மிடையே நிகழ்வதுண்டு. மடத்தில் நினைவிழந்த சகோதரிகளை அவர்தம் உடன்சகோதரிகளே சூழ்ந்திருந்தனர். நம் சபைகளிலோ அப்பணி ஆயரையும் சபையாரையும் சார்ந்தது. அவர் நம்மை மறந்தாலும், நாம் அவரை மறவாதிருப்பதே நம் திருப்பணியாகும்.