மின்சுற்றுப் பலகைக் காப்புப் பூச்சுச் சோதனை

மின்சுற்றுப் பலகைக் காப்புப் பூச்சுச் சோதனை என்பது, அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் மேல் இடப்படும் மெல்லிய காப்புப் படலத்தில் குறைகள் உள்ளனவா என ஆராயும் முறை ஆகும். இப்படலம் பலகையின் மேடுபள்ளங்களைத் தழுவிப் படிந்து, ஈரம், உப்பு, தூசு ஆகியவற்றிலிருந்து மின்கடத்திகளைக் காக்கிறது.

தேவை

கடலோரப் பகுதிகளில் காற்றுடன் நுண்ணிய உப்புத் துகள்களும் வருகின்றன. சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது, சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். ஆகவே, மழை படாத பெட்டிக்குள் இருக்கும் பலகையும் பாதிக்கப்படலாம். கரைசல் படிந்த இரு கடத்திகளுக்கு இடையே மின்னழுத்தம் இருந்தால், நேர்மின் முனையில் உலோகம் கரைந்து, எதிர்மின் முனையில் கிளைவிட்ட இழைகளாகப் படியும். இவ்விழைகள் வளர்ந்து மறுமுனையைத் தொடும்போது குறுக்குச்சுற்று ஏற்படுகிறது.

நாகர்கோவிலுக்கு வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாய் வழியே விரைந்து வீசுவதால், 1990களில் இங்கு காற்றாலைகள் பெருமளவில் நிறுவப்பட்டன. காற்றாலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் உயரமான கோபுரத்திலும் அதன் அடியிலும் உள்ளன. மின்னாக்கத்துக்கு உதவும் காற்றே, ஈரத்தையும் கடல் உப்பையும் இக்கருவிகளிடம் கொண்டுவருகிறது.

பூச்சு வகைகள்

பொதுவாக ஏற்கப்படும் தடிமன்:

* அக்ரிலிக், யூரித்தேன், எப்பாக்சி: 30 முதல் 130 மைக்ரோமீட்டர்
* சிலிக்கோன்: 50 முதல் 210 மைக்ரோமீட்டர்
* பாரிலீன்: 10 முதல் 50 மைக்ரோமீட்டர்

அக்ரிலிக் பூச்சைக் கரைப்பானால் எளிதில் நீக்கலாம். எப்பாக்சியை நீக்குதல் கடினம். பாரிலீன் வெற்றிடக் கலனில் ஆவிநிலையிலிருந்து படிவிக்கப்படுகிறது.

சோதனை முறைகள்

முதன்மையானது பார்வைச் சோதனை. பல பூச்சுகளில் ஒளிரும் சாயம் கலக்கப்பட்டிருக்கும். இருண்ட பெட்டியில் சுமார் 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் பூச்சுள்ள பகுதி நீலமாக ஒளிரும். விடுபட்ட பகுதி கருமையாகத் தெரியும். பெருமளவு உற்பத்தியில் இப்பணியை ஒளிப்படக் கருவியும் கணினியும் செய்கின்றன.

தடிமனை அறிய, பலகையுடன் சேர்த்துப் பூச்சிடப்பட்ட மாதிரித் தகடு அளக்கப்படுகிறது. பலகையில் அகன்ற செப்புப் பரப்பு இருந்தால், சுழிப்பு மின்னோட்டக் கருவியால் அங்கேயே அளக்கலாம். ஏற்கத்தக்க அளவுகோல்களை ஐபிசி-ஏ-610 என்னும் தரநூல் வகுத்துள்ளது.

முக்கியக் குறைகள்

* குமிழ்: சிக்கிய காற்று அல்லது கரைப்பான் ஆவி. இரு கடத்திகளை இணைக்கும் குமிழ் ஏற்கத்தக்கதன்று.
* விலகல்: எண்ணெய்ப் பசை, சிலிக்கோன் மாசு ஆகியவற்றால் பூச்சு பரவாமல் ஒதுங்குதல்.
* உரிதல்: படலம் பலகையை விட்டுப் பிரிதல்.
* வெடிப்பு: மிகைத் தடிமன் அல்லது வெப்பநிலை மாற்றத்தால் விரிசல் உண்டாதல்.
* விளிம்பு மெலிவு: உறுப்புகளின் கூரிய கால்களில் பூச்சு வழிந்து மெலிதல்.
* மிகைப்பரவல்: இணைப்பான், பொத்தான் போன்ற பூச்சு படக்கூடாத இடங்களில் படிதல்.

சோதனையின் எல்லைகள்

காப்புப் பூச்சு நீராவியை முற்றிலும் தடுப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் அதனூடே மெல்ல ஊடுருவும். அடியில் நீர் தேங்க இடமின்றிப் படலம் பலகையுடன் இறுக ஒட்டியிருப்பதே உண்மையான காப்பு. பற்றவைப்பின்போது எஞ்சிய இளக்கியோ விரல்பட்ட உப்போ அடியில் இருந்தால், அது ஊடுருவும் நீரை ஈர்த்துக் கொப்புளம் உண்டாக்கும். இத்தகைய பலகை சோதனை நாளில் புறஊதா ஒளியில் குறையற்றதாகவே தோன்றக்கூடும்.

எனவே பூச்சுக்கு முன் பலகையைக் கழுவி உலர்த்தி, அதன் அயனி மாசை அளப்பதும் சோதனையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். உறுப்புகளின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது என்பதும், ஒளிர்வின் செறிவு தடிமனைத் துல்லியமாகக் காட்டாது என்பதும் பிற எல்லைகள்.

இவற்றையும் பார்க்கவும்

* அச்சிட்ட மின்சுற்றுப் பலகை
* அரிமானம்
* மின்காப்பு